மருந்து என்று சொன்னேன்

நான் ஹட்டன் டவுனில் ஒரு பரிசோதனை லெப்பில் வேலை செய்கிறேன் என்று அம்மா எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் முழுக்க, வரிசை வீடு ஒன்று விடாமல், சொல்லி வைத்திருக்கிறாள். கேட்டவர்கள் அதை இரத்தம் பார்க்கிற இடம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை மடித்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். நானும் பெரிய டாக்டர் மாதிரி புருவத்தைச் சுருக்கிப் பார்த்து, சீனி கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது என்பேன். என் உண்மையான வேலை, பூச்சி சாகிறதா இல்லையா என்று எண்ணுவது. அதைச் சொன்னால் யார் மதிப்பார்கள்? அம்மா சொன்னதை நான் திருத்தவில்லை. ஒரு சொல்லைத் திருத்தாமல் விடும் பழக்கம் எனக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

அந்தப் பூச்சிக்கு நீர்த்தெள்ளு என்று பெயர். கடுகைவிடச் சின்னது. உடம்பு கண்ணாடியாக இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் இதயம் அடிப்பதும், முதுகுப் பைக்குள் முட்டைகள் இருப்பதும் தெரியும். தரை கழுவும் திரவம், லொறி கழுவும் திரவம், இயந்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் திரவம் என்று எது சந்தைக்கு வந்தாலும், அது ஓடையில் கலந்தால் என்ன ஆகும் என்று பார்க்க எங்களிடம் ஒரு கேன் அனுப்புவார்கள். நாங்கள் அதைப் பல அளவில் தண்ணீரில் கலந்து, பிறந்து ஒரு நாள் ஆகாத குஞ்சுகளை ஐந்து ஐந்தாக விடுவோம். இரண்டு நாள் கழித்துக் குவளையை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பதினைந்து விநாடி பார்க்க வேண்டும். நீந்தாதவற்றை 'அசைவற்றவை' என்று எழுதுவோம். செத்தவை என்று எழுதுவதில்லை. சேர்ந்த புதிதில் அந்தச் சொல் எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஒரு வரிசைக் குவளைகளில் மட்டும் எதுவும் கலக்காத சுத்தத் தண்ணீர் இருக்கும். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். அதிலுள்ள குஞ்சுகள் செத்தால் முழுச் சோதனையையும் தூக்கிப் போட வேண்டியதுதான். அப்படியென்றால் தவறு திரவத்தில் இல்லை, எங்களிடம் இருக்கிறது.

லெப்பில் இருப்பது நானும் என் மேலதிகாரி சேரும் மட்டுந்தான். சேர் யாழ்ப்பாணத்துக்காரர். முதல் வாரம் அவர் என்னை 'நீர்' என்று கூப்பிட்டபோது, நாடகத்து ராஜா மாதிரிப் பேசிக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து உள்ளுக்குள் பொருமினேன். அவர்கள் பக்கம் அது அன்பாகச் சொல்வது என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் வளர்ப்புப் பூச்சிகள் அப்போது அடிக்கடி செத்துக்கொண்டிருந்தன. டவுன் குழாய்த் தண்ணீரில் கிருமிக்குப் போடும் குளோரின் அவற்றுக்கு ஆகவில்லை. கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரும் சரிவரவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"எங்க லயத்துப் பீலித் தண்ணிய கொண்டாரேன் சேர். காட்டுக்குள்ள இருந்து நேரா வருது. அத மிஞ்சுன தண்ணி இந்த மலையிலயே இல்ல" என்றேன்.

பீலி என்பது மலையிலிருந்து குழாய் வழியாக ஊற்றும் தண்ணீர். எங்கள் பீலிக்கு மேலே ஒரு சீமெந்துத் தொட்டி இருக்கிறது. ஊற்று அதில் நிறைந்து கீழே வரும். நாலு லயத்துக்குக் குடிக்க, குளிக்க, கழுவ எல்லாம் அதுதான். திங்கட்கிழமை தோறும் இரண்டு கேனில் நிரப்பி பஸ்ஸில் ஏற்றுவேன். "தண்ணிக்கும் டிக்கட் எடுக்கணும்" என்று கண்டக்டர் வாரா வாரம் அதே பகிடியை விடுவார். ஆனால் பூச்சிகள் பெருகின. "உங்கட தண்ணியிலை பூச்சியள் நல்லாப் பெருகுது பிள்ளை" என்று சேர் சொன்னதை வீட்டுக்கு வந்து மூன்று முறை சொல்லியிருப்பேன். அம்மா அதை முப்பது பேரிடம் சொன்னாள். எங்கள் தண்ணீர் ஏதோ பரீட்சையில் பாஸ் பண்ணியது போல எல்லோருக்கும் சந்தோஷம்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அனுப்பப்படும் கேனில் எங்களுக்குத் தேவைப்படுவது சில துளிதான். மிச்சத்தைக் கழிவுப் பீப்பாயில் ஊற்ற வேண்டும். வெளியே கொண்டுபோகக்கூடாது என்பது லெப்பின் முதல் விதி. தரை கழுவும் திரவம் ஒன்று வந்திருந்தது. எலுமிச்சை வாசம், தேன் நிறம், கேன் கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. அம்மா ஒற்றைச் சவர்க்காரக் கட்டியை உடைத்து உடைத்துப் பாவிப்பது எனக்குத் தெரியும். அதைப் பீப்பாயில் ஊற்ற மனம் வரவில்லை. கம்பனி பெயர் வெளியே தெரியக்கூடாதே என்று லேபலை நானே தண்ணீரில் ஊறவைத்து உரித்தேன். தண்ணீரில் வாழ்வனவற்றுக்குக் கேடு என்று காட்டும் செத்த மீன் படமும் அந்த லேபலில்தான் இருந்தது. அதுவும் சேர்ந்து உரிந்துபோனது.

அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "இது மருந்து கிருந்து இல்லையே புள்ள?"

"மருந்து இல்லம்மா. சவர்க்காரந்தான்."

எங்கள் தோட்டத்தில் மருந்து என்றால் காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்துதான், புல்லுக்கு அடிப்பதும் மருந்துதான். ஆனால் பிள்ளைகளைத் தூர நிறுத்திவிட்டுப் பேசும் மருந்து என்றால் அது தேயிலை மலையில் அடிப்பது. அதற்கு நாற்றம் இருக்கும், முகமூடி இருக்கும். வாசமாக இருந்து நுரை வந்தால் அது சவர்க்காரம். அம்மாவுக்கு இந்த இரண்டு வகைதான் தெரியும். எனக்கு மூன்றாவதும் தெரியும். அந்தத் திரவத்தைச் சோதித்ததே நான்தான். ஒரு வாளித் தண்ணீருக்குச் சில துளி போட்ட குவளைகளில்கூட ஒரு குஞ்சும் மிஞ்சவில்லை என்று என் கையால் எழுதியிருக்கிறேன். எழுதிய கையால்தான் கேனையும் பஸ்ஸில் தூக்கி வந்தேன்.

மாரியம்மன் திருவிழா நெருங்கியது. எங்கள் பக்கம் கரகத்தைப் பீலிக்கரையில்தான் பாலிப்பார்கள். அதாவது பூவும் வேப்பிலையும் சுற்றிக் கரகத்தை அங்கே வைத்துத்தான் ஜோடிப்பார்கள். அந்த வருடம் கரகம் எடுக்க இருந்தவர் எங்கள் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் மாமா. சொந்தம் ஒன்றும் இல்லை. லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மாமாதானே. அவர்தான் எங்கள் மலையில் மருந்தடிக்கிறவர். வேலை முடிந்தால் முதுகில் சுமக்கும் மருந்து டாங்கியை மலைமேலேயே தான் வெட்டிய குழியில் கழுவிவிட்டு, உடுப்பை மாற்றிக்கொண்டுதான் லயத்துப் பக்கம் இறங்குவார். "மருந்துக்காரன் கை" என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதில் அவருக்கு ஒரு ரோசம் உண்டு. மூன்று வருடமாகக் கேட்டுக் கேட்டு, கோயில் கமிட்டி அந்த முறைதான் அவருக்குக் கரகம் கொடுத்திருந்தது. மீன், கருவாடு எல்லாம் விட்டு விரதம் இருந்தார்.

திருவிழாவுக்கு முந்திய வாரம், சனிக்கிழமை, பெண்கள் எல்லோரும் சேர்ந்து பீலித் தொட்டியைக் கழுவினார்கள். நான் வேலையில் இருந்தேன். மாமா அன்று தொட்டிக்கு மேலே உள்ள மலையில் மருந்தடித்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே நாளில் நடந்தன.

ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பிள்ளைகளுக்கு வாந்தி. டவுனில் வாங்கிய கேக்கால் இருக்கும் என்றார்கள். திங்கட்கிழமை விடியக்காலை பனியில் மூக்கடைத்துக்கொண்டு, வழக்கம்போல இரண்டு கேனை நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினேன். வளர்ப்புப் போத்தல்களுக்குப் புதுத் தண்ணீர் மாற்றினேன். ஏதோ ஒரு பொயிலர் கழுவும் திரவத்துக்குச் சோதனையும் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை கன்ட்ரோல் குவளைகளில் எல்லாம் அடியில் கிடந்தன. சுற்றிவிட்டேன். தண்ணீரோடு ஒரு சுற்று வந்து மறுபடி அடியில் போய்ப் படிந்தன. வளர்ப்புப் போத்தல்களில் பெரிய தாய்ப்பூச்சிகளும் கிடந்தன, முதுகுப் பையில் குஞ்சுகளோடு. அவற்றை நான் மாதக்கணக்காக ஊட்டி வளர்த்தேன். அழுகை வந்தது, சேர் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

"கொன்ட்ரோல் முழுக்கச் செத்துப்போச்சு. உந்தத் தண்ணிக்கு என்ன நடந்தது பிள்ளை?" என்று சேர் கேட்டார்.

"தெரியல சேர்."

"இந்தச் சோதினையை விடும். அங்கை ஆக்கள் குடிக்கிற தண்ணியெல்லோ? முதல்லை வீட்டை போய்ச் சொல்லும்."

அவர் சொன்னது சரி. முதல் பஸ்ஸிலேயே திரும்பினேன். அதுவரை நான் எதையும் மறைக்கவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த அந்தத் திரவக் கேனின் நினைவே எனக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

கோயிலடியில் கூட்டமாக இருந்தது. பீலிக்குக் கீழே வாய்க்காலில் நண்டுகள் செத்துக் கிடந்ததை அன்று காலைதான் யாரோ பார்த்திருக்கிறார்கள். தலைவர், அதாவது எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர், என்னைக் கண்டதும் வழிவிடச் சொன்னார். "படிச்ச புள்ள வந்துருச்சி. நம்ம தண்ணியத்தானே அங்க வச்சிப் பாக்குற? என்னா சொல்லுது ஒங்க லெப்பு?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

"பூச்சி எல்லாம் செத்துப்போச்சுங்க. தண்ணியில மருந்து கலந்துருக்கு. தொட்டிய முழுசாத் தொறந்து விட்டு நாலஞ்சி தடவ கழுவி ஊத்துங்க. அது வரைக்கும் யாரும் குடிக்காதீங்க" என்றேன்.

இரசாயனம் என்பது பாடப்புத்தகச் சொல். லயத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. எனக்கு வாயில் வந்தது மருந்து. நான் சொன்னது, ஏதோ கெடுதலான ஒன்று என்ற பொருளில். அவர்கள் காதில் விழுந்தது, மலையில் அடிக்கிற மருந்து என்று. கூட்டத்தில் அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது. மாமா கோயில் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் தொட்டிப் பக்கமே போகலங்க" என்றார். "டாங்கிய மேல குழியிலதான் கழுவுனேன். வந்து பாருங்க."

யாரும் போய்ப் பார்க்கவில்லை. லெப்பே சொல்லிவிட்டதே.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். "அந்த மனுசன் இப்பிடிச் செய்வார்னு நெனைக்கல. நாங்க எவ்வளவு பாடுபட்டுக் கழுவுனோம்" என்று புலம்பினாள். "பாசி போகவே இல்ல புள்ள. பொறகு ஒன்னோட சவர்க்காரத்த எடுத்துட்டுப் போயி முழுசா ஊத்தித் தேச்சோம். பளபளன்னு ஆயிருச்சி. நொரைதான் ரொம்ப நேரம் போகல."

வெளியே போய், திங்கட்கிழமை லெப்புக்குத் தண்ணீர் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த கேனைப் பார்த்தேன். அடியில் ஒரு மிடறு தண்ணீர் மிச்சம் இருந்தது. மூடியைப் போட்டுக் குலுக்கினேன். ஓரத்தில் நுரை வளையம் கட்டி அப்படியே நின்றது. மூடியைத் திறந்தால் லேசாக எலுமிச்சை வாசம்.

கோயிலடிக்கு இருபது அடி நடைதான். கூட்டம் இன்னும் கலையவில்லை. பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போய், "நான் தப்பாச் சொல்லிட்டேன், நான் கொண்டுவந்த சவர்க்காரந்தான்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அம்மா கையால் பிள்ளைகளுக்கு வாந்தி வந்தது என்று ஊர் பேசும் என்று நினைத்தேன். இரண்டும் உண்மைதான். ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்தது: படிச்ச புள்ள என்று வழிவிட்ட கூட்டத்தின் முன்னால் மடச்சியாக நிற்க எனக்கு வெட்கம். தொட்டியைக் கழுவச் சொல்லியாகிவிட்டது, தண்ணீர் சரியாகிவிடும், யாருக்கும் உயிராபத்து இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு உள்ளே வந்து தேத்தண்ணீர் குடித்தேன்.

அம்மாவிடம் மட்டும், "அந்தச் சவர்க்காரக் கேன யாருக்கும் குடுக்காதம்மா" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் அந்தக் கேன் வீட்டில் இல்லை. எங்கே போட்டாள் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து என் வேலையைப் பற்றி அவள் யாரிடமும் பெருமையடிப்பதில்லை.

வியாழக்கிழமை மாமா வந்தார். கையில் ஒரு சோடாப் போத்தல், அதில் கலங்கல் தண்ணீர். உள்ளே வராமல் படியிலேயே நின்றார்.

"இது அந்தக் குழித் தண்ணி பாப்பா. கைய ஒற போட்டுக்கிட்டுத்தான் அள்ளுனேன். இத ஒன்னோட பூச்சிக்கிட்ட வச்சிப் பாரு. தொட்டித் தண்ணியில இருந்ததும் இதுவும் ஒன்னு இல்லன்னு நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும். நீ சொன்னா கேப்பாங்க. நாளைக்குள்ள சொல்லணும், சனிக்கெழம கரகம்."

என் ஒரு சொல்லால் கெட்டுப்போன ஆளே, என்னை நம்பி வந்து நின்றார். நான் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

"பூச்சி செத்துச்சா இல்லையான்னுதான் மாமா தெரியும். எதுனால செத்துச்சின்னு பூச்சி சொல்லாது."

அது விஞ்ஞானப்படி நூற்றுக்கு நூறு சரி. அந்த வேலையின் பாலபாடம். சேர் கேட்டிருந்தால் பாராட்டியிருப்பார். அதைவிடப் பெரிய பொய்யை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை.

அவர் "அப்பிடியா" என்று சொல்லிவிட்டுப் போத்தலை எடுத்துக்கொண்டு போனார்.

கமிட்டி வேறொருவருக்குக் கரகம் கொடுத்தது. தண்ணியைக் கெடுத்தவன் தண்ணிக்கரையில் எப்படிக் கரகம் எடுப்பான் என்று கேட்டார்கள். ஊர்வலம் தப்பு மேளச் சத்தத்தோடு ஒவ்வொரு வாசலாக நின்று வந்தது. மாமா வீட்டு வாசலில் அவர் மனைவி தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டாள். மாமா வெளியே வரவில்லை. எங்கள் வாசலில் நின்றபோது பூசாரி எனக்கு நெற்றி நிறைய விபூதி பூசி, "நீ சொல்லலேன்னா எத்தன புள்ளைங்க படுத்திருக்கும்" என்றார். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

திருவிழா முடிந்து கொண்டுபோன தண்ணீரில் பூச்சிகள் நன்றாக நீந்தின. காரணம் என்னவென்று சேர் கேட்டார். "மேல யாரோ மருந்து டாங்கி கழுவியிருக்காங்க சேர்" என்றேன். அவர் அதை அப்படியே பதிவுப் புத்தகத்தில் எழுதினார். அந்தப் பக்கத்தை நான் பிறகு எத்தனையோ முறை புரட்டிக் கடந்திருக்கிறேன்.

மாமா மருந்தடிக்கிற வேலையை விட்டுவிட்டு கவ்வாத்துக்குப் போனார். தேயிலைச் செடியை மட்டம் வெட்டும் வேலை அது. அவர் வயதுக்குக் கஷ்டம். பீலிப் பக்கம் வருவதையும் நிறுத்திவிட்டார். லயத்துக்குக் கீழே ஒரு ஊற்று உண்டு, ஏறி இறங்க அரை மணி நேரம். அங்கிருந்துதான் தன் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தார். ஜன்னல் வழியே பார்க்கும்போதெல்லாம் குடத்தோடு ஏறிவருவார். நான் ஜன்னலைச் சாத்துவேன்.

அடுத்த திருவிழாவுக்குக் கொடி ஏற்றிய வாரம், அதற்குமேல் தாங்கவில்லை. ஊற்றுக்கு இறங்கிப் போனேன். அவர் தனியாகக் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: கேன், லேபல், தொட்டி, நுரை, அன்று மாலையே எனக்குத் தெரிந்தது, போத்தலோடு அவர் வந்தபோதும் தெரிந்திருந்தது. நடுவில் அழுதேன். அவர் என்னை அடிப்பார், அல்லது போகட்டும் விடு என்பார், இரண்டில் ஒன்று என்று எதிர்பார்த்து வந்திருந்தேன்.

அவர் குடம் நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நொர வந்துச்சின்னு என் வீட்டுக்காரி அன்னைக்கே சொன்னா" என்றார். "லெப்புல பாத்த புள்ள பொய் சொல்லுமா, வாய மூடுன்னு நான்தான் அவள ஏசுனேன்."

பிறகு குடத்தைத் தோளில் ஏற்றினார்.

"ஏம்மா இத எங்கிட்ட வந்து சொல்ற? நான் செய்யலேன்னு எனக்குத் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போயிச் சொல்லு."

அவர் ஏறிப் போய்விட்டார். அந்தத் திருவிழாவும் முடிந்தது, அதற்கடுத்ததும் முடிந்தது. இரண்டு முறையும் கோயிலடி வரை போனேன், கும்பிட்டேன், திரும்பி வந்தேன். கடைசியில் இதை எழுதியிருக்கிறேன், யாருடைய பெயரும் இல்லாமல், தோட்டத்தின் பெயரும் இல்லாமல். எங்கள் லயத்தில் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை என்பது நன்றாகத் தெரிந்துதான் எழுதினேன். படிக்கும் உங்களுக்கு அவர் யாரென்று தெரியாது. தெரிந்தவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை.